மதத்தைத் தொடாமல் செயலி செய்ய முடியுமா?

கேள்வி: பல நாட்டினரும் பயன்படுத்தும் நாட்காட்டி, நினைவூட்டல் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். தொழுகை நேரம், நோன்பு, பண்டிகை நாட்கள் வேண்டும் என்று பயனர்கள் கேட்கிறார்கள். "மதம் நமக்கெதற்கு? நடுநிலையாக இருப்போம்" என்கிறார் எங்கள் குழுத் தலைவர். என்ன செய்யலாம்?

பதில்: தலைவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் ஏற்கெனவே மதத்தைத் தொட்டாயிற்று. உங்கள் செயலி காட்டும் கிரெகோரியன் காலண்டரே, ஈஸ்டர் தேதி பருவத்தை விட்டு விலகிப் போவதைச் சரிசெய்ய 1582-இல் போப் 13-ஆம் கிரெகோரி கொண்டுவந்தது. அதில் நாள் நள்ளிரவில் மாறுகிறது. யூதர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சமய நாள் சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும். யாருடைய வழக்கத்தையெல்லாம் கேட்காமலேயே டீஃபால்ட்டாக வைத்திருக்கிறோம் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். (கணினிக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது இழுத்தால், இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நூல்களில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரிக்க 1949-இல் ஐபிஎம்மின் உதவியை நாடிப் போன இயேசு சபைத் துறவி ரொபெர்த்தோ பூசாவைச் சொல்லுங்கள். கணினிவழி உரையாய்வின் முன்னோடி அவர்.)

அதிக வேலை வாங்கப்போவது தொழுகை நேரம். வானியல் கணக்குத்தானே, ஒரு லைப்ரரியை இறக்கினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஃபஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) நேரம், சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முஸ்லிம் வேர்ல்ட் லீக் என்ற பன்னாட்டு அமைப்பு 18 பாகை என்கிறது. வட அமெரிக்க இஸ்லாமிய அமைப்பான இஸ்னா 15 என்கிறது. எகிப்திய முறையில் 19.5. கடைசி இரண்டுக்கும் இடையே குறைந்தது 18 நிமிட வித்தியாசம் வரும். ரமலானில் நோன்பு தொடங்குவதே அந்த நேரத்தில்தான் என்பதால் இதைச் சில்லறை விஷயமாக நினைக்காதீர்கள். அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்கு நிழலின் நீளத்தை ஹனஃபி மத்ஹபினர் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு) கணக்கிடும் விதம் வேறு, ஷாஃபிஈயினர் கணக்கிடும் விதம் வேறு.

லண்டனில் ஜூன் மாதத்துக்கு வைத்துச் சோதித்துப் பாருங்கள். சுமார் 48.5 பாகை அட்சரேகைக்கு வடக்கே, கோடையின் உச்சத்தில் சூரியன் 18 பாகை வரை இறங்குவதே இல்லை. நேரத்தைக் கணக்கிடும் உங்கள் ஆர்க்-கொசைன் சூத்திரம் −1 முதல் 1 வரையிலான எண்ணைத்தான் ஏற்கும்; அதற்குள் −1-க்கும் கீழான எண் போய், விடையே வராது. திரையில் நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக நிற்கும். இரவை ஏழாகப் பிரிப்பது, நள்ளிரவை எல்லையாகக் கொள்வது என்று இதற்குச் சில தீர்வுகளை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். எது சரி என்பதை ஒரு புரோகிராமர் தீர்மானிக்கக் கூடாது. எல்லா முறைகளையும் செட்டிங்ஸில் வையுங்கள், எந்த முறை ஓடுகிறது என்பதைத் திரையிலேயே காட்டுங்கள், உள்ளூர்ப் பள்ளிவாசல் அறிவிக்கும் நேரத்தோடு பொருந்தச் சில நிமிடங்கள் கூட்டிக் குறைக்கவும் வழி விடுங்கள்.

ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர நாட்காட்டி) தேதிக்கும் பிறை பார்த்து ஒரு நாள் முன்பின் மாற்றும் வசதி தேவை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான். ஆண்டுதோறும் வரும் நினைவூட்டலை ஆங்கிலத் தேதியாகச் சேமித்தீர்கள் என்றால் அடுத்த வருடமே தவறிவிடும். 2030-இல் ரமலான் இரண்டு முறை தொடங்கும். 'வருடத்துக்கு ஒரு தடவை' என்று எழுதிய கோட் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, பலர் கண்ணில் படாதது: தினமும் திறந்தால் கூடிக்கொண்டே போகும் ஸ்ட்ரீக் எண்ணிக்கை. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை கருவியைத் தொடாத யூதப் பயனருக்கு அது வாராவாரம் அறுந்துபோகும். ஓய்வு நாளைக் குறித்துவைக்க ஒரு வசதி கொடுத்தால் போதும்.

மார்க்கச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் சாட்பாட் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2024-இல் அமெரிக்காவின் கத்தோலிக் ஆன்சர்ஸ் அமைப்பு 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற ஏஐ பாதிரியாரை வெளியிட்டது. கண்டனம் எழுந்ததும் சில நாட்களிலேயே அங்கியைக் கழற்றி வெறும் 'ஜஸ்டின்' ஆக்கியது.

கடைசியாகத் தரவு. ஒருவர் எந்த நினைவூட்டலை இயக்கினார் என்பதே அவருடைய மதத்தைச் சொல்லிவிடும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 9-ஆம் பிரிவு மத நம்பிக்கையைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாக வைத்திருக்கிறது. பிரபலமான தொழுகைநேரச் செயலி ஒன்றின் இருப்பிடத் தரவு, இடைத்தரகர் வழியாக அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வரை போனதாக 2020-இல் செய்தி வந்தது நினைவிருக்கலாம். தொழுகை நேரத்தைக் கணக்கிட சர்வரே வேண்டாம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால் கைபேசியே போட்டுவிடும். பூட்டிய திரையில் நினைவூட்டலின் பெயரைக் காட்டுவதா, வெறும் மணி மட்டும் ஒலிப்பதா என்பதையும் பயனரிடமே விடுங்கள். தன் மதம் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு.