செத்தபின் எங்கே? டி அண்ட் டி உலகங்களில் ஆன்மா, ஆவி, மந்திரம்: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம். அதில் சாவு, ஆவி, மறுமை, மந்திரம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டி.எம். (கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்) ஆக உட்கார்ந்து ஆட்டம் நடத்த ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த ஆட்டத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். ஸ்பெல் (மந்திரம்) விவரங்கள் எல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

கேள்வி: அக்கா, நான் ஆட்டத்துக்குப் புதுசு. மூன்றாவது வாரமே என் ஃபைட்டர், அதாவது போர்வீரன் கேரக்டர், செத்துவிட்டான். இப்போது அவன் எங்கே இருப்பான்?

முதலில் வரைபடத்தைப் புரிந்துகொள்ளுங்கள், தம்பி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின் பின்னிணைப்பில் எல்லாத் தளங்களையும், அதாவது தனித்தனி உலகங்களையும், வரிசைப்படுத்திக் காட்டினார்கள். பிறகு அதற்குப் 'பெரிய சக்கரம்' என்று பெயர் நிலைத்தது. நடுவில் நம் கேரக்டர்கள் அலையும் பொருள் உலகம். அதை ஒட்டி நெருப்பு, நீர், காற்று, மண் தளங்கள். அதற்கும் அப்பால், ஆஸ்ட்ரல் என்ற வெள்ளி வெளியைக் கடந்தால் பதினாறு புறத் தளங்கள் வட்டமாக நிற்கும். அந்த வட்டத்தின் நடுவே எந்தப் பக்கமும் சாயாத அவுட்லேண்ட்ஸ்.

உங்கள் ஃபைட்டர் ஒரு கடவுளை நம்பியிருந்தால் அந்தக் கடவுளின் இடத்துக்குப் போவான். இல்லையென்றால் அவன் குணத்துக்கு ஒத்த தளத்துக்குப் போவான். நல்லவனாக, சட்டத்தை மதிப்பவனாக இருந்தால் ஏழு அடுக்கு செலஸ்டியா மலை. கொடியவனாக, எதற்கும் கட்டுப்படாதவனாக இருந்தால் அரக்கர்கள் வாழும் அபிஸ். யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிற மாதிரி ஆன்மா தன் இடத்தைத் தேடிப் போகிறது.

உங்கள் ஆட்டம், இந்த ஆட்டத்தின் கதை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் நடந்தால் இடையில் ஒரு நிறுத்தம் உண்டு. அதன் பெயர் ஃபியூக் தளம். செத்தவர்கள் அங்கே தீர்ப்பு நகரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பலருக்குத் தாங்கள் செத்ததே தெரியாது. கடவுள்களின் தூதர்கள் வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் வராமல் நிற்பவர்களுக்குத் தீர்ப்பு சொல்வது மரணத்தின் கடவுள் கெலம்வோர். நரகத்துப் பிசாசுகளும் அந்தக் கூட்டத்தில் பேரம் பேசிக்கொண்டு திரியும். ஆகவே உங்கள் பார்ட்டி (கூட ஆடுகிறவர்கள்) அவனைத் திரும்பக் கொண்டுவர நினைத்தால் சீக்கிரம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: போன இடத்தில் நம்மை நினைவு வைத்திருப்பார்களா?

பிளேன்ஸ்கேப் என்ற உலகத் தொகுப்பு 1994-இல் வந்தது. டேவிட் 'செப்' குக் உருவாக்கியது. அதன்படி பெரும்பாலும் இல்லை. போய்ச் சேர்ந்த ஆன்மாவுக்கு 'பெட்டிஷனர்' என்று பெயர். பழைய வாழ்க்கையின் நினைவு போய்விடும், குணம் மட்டும் நிற்கும். நாளாக ஆக அந்தத் தளத்தோடே கரைந்து ஒன்றாவதுதான் அதன் கடைசி இலக்கு. தன் தளத்துக்கு வெளியே வந்து மறுபடி செத்தால் அவ்வளவுதான், அடையாளமே இல்லாமல் போய்விடும்.

என் ஆட்டத்தில் ஒரு பெண் தன் செத்துப்போன அம்மாவைத் தேடி செலஸ்டியாவின் முதல் அடுக்கு வரை போனாள். அம்மா அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஆனால் பேசிக்கொண்டே அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள், வீட்டில் எப்போதும் செய்கிற மாதிரி. 'குணம் மட்டும் நிற்கும்' என்பதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். விதிப்புத்தகம் இதற்கு மேல் சொல்லவில்லை. நீங்கள் டி.எம். என்றால் இந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பீக் வித் டெட் (பிணத்தைப் பேசவைக்கும் ஸ்பெல்) போடும்போது மேலே நிம்மதியாக இருக்கிற ஆன்மாவை இழுத்து வருகிறோமா? என் பாலடின் (சத்தியம் செய்துகொண்ட வீரன்) அதனால் அந்த ஸ்பெல்லையே வேண்டாம் என்கிறான்.

இழுத்து வரவில்லை. உங்கள் பாலடின் தைரியமாகச் சம்மதிக்கலாம். அந்த ஸ்பெல் ஆன்மாவைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. உடம்பை இயக்கிய உயிர்ப்பின் மிச்சத்தை மட்டும் பிணத்தில் எழுப்புகிறது. அதற்கு உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான் தெரியும். செத்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டுப் பயனில்லை. ஐந்து கேள்விதான். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஒருமுறை கேட்டால் பத்து நாளைக்கு அதே பிணத்திடம் மறுபடி கேட்க முடியாது. எதிரியின் பிணம் என்றால் பொய்யும் சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம்.

கேள்வி: பேய்க்கும் சோம்பிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அன்டெட் (செத்தும் நடமாடுபவை) தானே?

சோம்பி வெறும் உடம்பு. ஆன்மா போய் வெகு நேரம் ஆகியிருக்கும். பேய் அதற்கு நேர் எதிர்: உடம்பு போய்விட்டது, ஆன்மா போகவில்லை. ஏதோ ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. நம் உலகத்தை ஒட்டியே எத்தீரியல் என்று ஒரு சாம்பல் நிறத் தளம் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு மாதிரி. பேய் அங்கிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை வாளால் வெட்டிச் சாய்த்தாலும் பாக்கிக் காரியம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடித்து முடித்துக்கொடுங்கள், பேய் தானாகப் போய்விடும். என் டேபிளில் நான் பேயைச் சண்டைக்காக மட்டும் ஒருபோதும் கொண்டுவருவதில்லை.

ரெவனன்ட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். கொன்றவனைப் பழிவாங்கத் திரும்பி வந்த ஆன்மா. உடம்பை அழித்தால் ஒரு நாளில் வேறு பிணத்துக்குள் புகுந்து வரும். அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு வருடம்.

கேள்வி: கடவுளே வேண்டாம் என்று இருந்தவர்களைச் சுவரில் வைத்துக் கட்டுவார்களாமே. உண்மையா? கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

எனக்கும் சரியில்லாமல்தான் இருந்தது, தங்கச்சி. ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் 'நம்பிக்கையற்றோர் சுவர்' என்று ஒன்று உண்டு. மரணத்தின் பழைய கடவுள் மிர்க்குல் எழுப்பியது. எந்தக் கடவுளையும் ஏற்காமல் செத்தவர்களை அதில் கற்களாகப் பொருத்துவார்கள். மெல்ல மெல்லக் கரைந்து இல்லாமல் போவார்கள். ஏழைக்குச் சோறு போட்டவளாக இருந்தாலும் சரி, சாமி கும்பிடவில்லை என்றால் சுவர்தான்.

பிற்பாடு கெலம்வோர் கடவுளானார். அவர் ஒரு காலத்தில் மனிதர், அதனால் ஆரம்பத்தில் குணத்தை வைத்தே தீர்ப்பு சொன்னார். நல்லவர்கள் சாவுக்குப் பயப்படுவதை விட்டார்கள், கும்பிடுவதையும் குறைத்தார்கள். மற்றக் கடவுள்கள் அவரையே விசாரணையில் நிறுத்தினார்கள். கடைசியில் சுவர் இருக்கத்தான் செய்தது. அந்த உலகத்தில் கடவுள்கள் பக்தியைத் தின்று வாழ்பவர்கள் என்பது இந்தக் கதையில் தெரிவது போல வேறெங்கும் தெரியாது.

2020-இல் வந்த திருத்தத்தில் சுவர் பற்றிய வரியை ஐந்தாம் பதிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் ஆட்டத்தில் சுவர் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் வைத்திருக்கிறேன், இடிப்பதற்காக. என் இப்போதைய கேம்பைனே (தொடர்கதையே) அதுதான்.

கேள்வி: பிசாசுகளுக்கு ஆன்மா எதற்கு?

படைபலத்துக்கு. ஒன்பது நரகத்துக்குள் விழும் ஆன்மா முதலில் லெமூர் என்ற உருகிய மெழுகுக் குவியல் மாதிரி ஆகும். அங்கிருந்து படிப்படியாகப் பதவி உயர்வு. அபிஸின் அரக்கர்களோடு நரகம் முடிவில்லாமல் நடத்தும் ரத்தப் போருக்கு ஆள் சேர்ப்பது இப்படித்தான். ஹேடிஸ் என்ற இன்னொரு தளத்தில் கெட்ட ஆன்மாக்கள் புழுக்களாகக் கிடக்கும், நைட் ஹேக் கிழவிகள் அவற்றைப் பொறுக்கி வியாபாரம் செய்வார்கள். அங்கே காசை விட ஆன்மாதான் செல்லும்.

கேள்வி: மந்திரம் எங்கிருந்து வருகிறது? மந்திரக் கடவுள் மிஸ்ட்ரா செத்தால் மந்திரமே போய்விடுமா? அப்படியென்றால் வேறு உலகத்து விசார்ட்கள் (மந்திரவாதிகள்) என்ன செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. கச்சா மந்திரம் எல்லா உலகத்திலும் எல்லாப் பொருளிலும் இருக்கிறது. ஆனால் கையால் தொட முடியாது, சுட்டுவிடும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அதற்கும் மந்திரவாதிக்கும் நடுவே ஒரு நெசவு இருக்கிறது, 'வீவ்' என்று பெயர். விசார்ட் ஸ்பெல் போடும்போது அந்த நூல்களை இழுத்து முடிச்சுப் போடுகிறார். அந்த நெசவைத் தாங்குபவள்தான் மிஸ்ட்ரா.

அவள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த உலகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. டேல் கணக்கு என்ற அந்த உலகத்தின் ஆண்டுக் கணக்குப்படி −339-ஆம் ஆண்டு நெதரில் நாட்டுக் கார்சஸ் ஒரு ஸ்பெல்லால் மந்திரக் கடவுளின் சக்தியைத் தனக்குள் எடுத்துக்கொண்டான். அப்போது அவள் பெயர் மிஸ்ட்ரில். கார்சஸுக்கு நெசவைத் தாங்கத் தெரியவில்லை. அறுந்துபோகும் என்று தெரிந்ததும் அவள் தன் உயிரைக் கொடுத்து இணைப்பைத் துண்டித்தாள். ஒரு நொடி மந்திரம் நின்றது. அந்த ஒரு நொடியில் நெதரிலின் மிதக்கும் நகரங்கள் தரையில் வந்து விழுந்தன. அவற்றில் சிலவற்றை மட்டும், புதிதாகப் பிறந்த மிஸ்ட்ரா தாங்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகு மிகப் பெரிய ஸ்பெல்களை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அதே கணக்கில் 1385-இல் சிரிக் என்ற கடவுள் அவளைக் கொன்றபோது ஸ்பெல்பிளேக் என்ற மந்திரப் பேரழிவு வந்தது, நெசவு மறுபடி கிழிந்தது.

மற்ற உலகங்களுக்கு மிஸ்ட்ரா இல்லை. கிரின் உலகத்தில் மூன்று நிலாக்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு அங்கி மந்திரவாதிகளின் பலம் அந்தந்த நிலாவின் வளர்பிறை தேய்பிறையோடு ஏறி இறங்கும். ஆதாஸ் பாலைவன உலகத்தில் மந்திரத்துக்கு விலை செடிகொடிகளின் உயிர். அவசரப்பட்டு இழுத்தால் காலடி மண் சாம்பலாகிவிடும். அந்த உலகம் பாலைவனமானதே அப்படித்தான்.

கேள்வி: எபெரான் என்ற இன்னொரு கதை உலகத்தில் எல்லோருக்கும் ஒரே மறுமைதானா?

ஆமாம், டோலர் என்ற தளம். நல்லவன் கெட்டவன் பார்க்காமல் எல்லா ஆன்மாவும் அங்கே போய் மெல்ல நினைவிழந்து மங்கும். அது ஒரு வாசல்தான், அதற்கு அப்பால் கடவுளோடு சேர்கிறோம் என்று நம்புகிறவர்கள் உண்டு. கீத் பேக்கரின் அந்த உலகத்தில் கடவுள் நேரில் வந்து சாட்சி சொல்வதில்லை, அதனால் யார் சொல்வது சரி என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஏரினால் தீவு எல்ஃப்கள் இந்த மங்கலுக்கு அஞ்சியே தங்கள் பெரியவர்களைச் சாகவிடாமல் கூடவே வைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: மூடுபனி சூழ்ந்த பரோவியா நாட்டில் பாதிப் பேருக்கு ஆன்மா இல்லையாமே?

பாதி இல்லை, பத்தில் ஒருவருக்குத்தான் ஆன்மா உண்டு. அந்த ஒருவர் செத்தாலும் மூடுபனியைத் தாண்டிப் போக முடியாது. அங்கேயே இன்னொரு குழந்தையாகப் பிறக்க வேண்டியதுதான்.

கேள்வி: எல்ஃப்களுக்கு மறுபிறவி என்கிறார்களே அக்கா?

பழைய பதிப்பில் எல்ஃபுக்கு ஆன்மாவே இல்லை, வேறு வகை ஆவிதான் என்றார்கள். செத்தவரை உயிர்ப்பிக்கும் ரெய்ஸ் டெட் ஸ்பெல் அவர்களிடம் பலிக்காது. இப்போது ஆர்வாண்டோர் என்ற தங்கள் மறுமைக்குப் போய், சில காலம் தங்கி, திரும்பப் பிறக்கிறார்கள். எல்ஃப்களின் கடவுள் கோரெல்லன் நிரந்தரமாக இருக்க அனுமதிப்பதில்லை. வயதான எல்ஃபின் கண்ணில் பிறை மாதிரி ஒரு நிழல் விழுந்தால், கூப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். முடிந்தால் உங்கள் ஆட்டத்தில் ஒரு கிழட்டு எல்ஃபைக் கொண்டுவந்து அந்தக் கண்ணைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கிளெரிக்காக (பூசாரியாக) ஆடிய தோழி, தன் கேரக்டர் திரும்பி வர வேண்டாம் என்கிறாள். நாங்கள் கஷ்டப்பட்டு 500 தங்கக்காசு வைரம் வாங்கி வைத்திருக்கிறோம். விதிப்படி கொண்டுவர முடியாதா?

முடியாது. உயிர்ப்பிக்கும் ஸ்பெல்களின் கணக்கு இது: ரெவிவிஃபை ஒரு நிமிடத்துக்குள், 300 காசு வைரம். ரெய்ஸ் டெட் பத்து நாளுக்குள், 500. ரெஸரக்ஷன் நூறு வருடத்துக்குள், 1,000. ட்ரூ ரெஸரக்ஷன் இருநூறு வருடத்துக்குள், 25,000. உடம்புகூட வேண்டாம், பெயர் போதும். வைரம் எவ்வளவு பெரிதானாலும் ஆன்மாவுக்கு விருப்பம் இல்லையென்றால் பலிக்காது. அது மட்டும் இல்லை, கூப்பிடுகிறவர் யார், எப்படிப்பட்டவர், எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பது அந்த ஆன்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. பூட்டி வைத்திருக்கும் ஆன்மாவும் வர முடியாது. லிச் என்ற சாகாத மந்திரவாதி தன் பெட்டகத்தில் அடைத்துத் தின்னும் ஆன்மாக்கள் அப்படித்தான்.

எங்கள் டேபிளிலும் இது நடந்தது. ஹாஃப்லிங் ரோக் (குள்ள இனத்துத் திருடி) ஒருத்தி, பெயர் மல்லி. காட்டு நடுவில் செத்தாள். ஊருக்கு பன்னிரண்டு நாள் நடை. கிளெரிக், பிணத்தைக் கெடாமல் காக்கும் ஜென்டில் ரெபோஸ் ஸ்பெல்லைப் போட்டார். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு செப்புக்காசு வைக்க வேண்டும், அது விழாமல் இருக்கும் வரை நாள் கணக்கு ஓடாது. நாங்கள் அவளுடைய கேரக்டர் ஷீட்டின் மேல் நிஜமாகவே இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தோம். மூன்று வாரம் யாரும் அதைத் தொடவில்லை, காபி வைப்பதற்குக்கூடத் தள்ளவில்லை. கோயிலுக்கு வந்து சேர்ந்து ஸ்பெல் போட்ட அன்று, மல்லியாக ஆடிய பெண்ணிடம் "வருகிறாயா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்தாள். "அங்கே அவ தம்பி இருக்கான், அக்கா. அவ வரமாட்டா" என்றாள்.

வைரம் கரைந்தது. கிளெரிக் அந்தக் காசுகளை எடுத்து அவளிடமே கொடுத்தார். அடுத்த வாரம் அவள் புது ஷீட்டோடு வந்தாள். உங்கள் தோழியிடமும் ஒருமுறை, எல்லோர் முன்னாலும் இல்லாமல் தனியாக, கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அந்த வைரத்தை விற்று நல்ல முறையில் ஒரு அடக்கம் செய்யுங்கள். அதற்கு ஒரு முழு செஷன் ஒதுக்குங்கள்.