நீள்குழல் தொலைநோக்கிகள்: கேள்வி பதில்

முகப்பில் லென்ஸ் பொருத்திய பழைய ஒளிவிலகல் தொலைநோக்கிகளைச் சீர்செய்வது பற்றியும், அவற்றைக் கொண்டு வானம் பார்ப்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் பரணிலிருந்து 60 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. முகப்பு லென்ஸில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. எப்படித் துடைப்பது?

பதில்: துடைக்கும் முன் அது என்னவென்று பாருங்கள். இருட்டறையில் லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருக்கும். தூசி மட்டும்தான் என்றால் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். படிந்த தூசியால் பிம்பம் கெடுவது மிகக் குறைவு. ஒரே ஒரு மணல் துகளோடு சேர்த்துத் துடைத்தால் விழும் கீறல் என்றைக்கும் போகாது.

முகப்பு லென்ஸ் இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தது. பூஞ்சை அவ்விரண்டுக்கும் இடையில் இருந்தால்தான் அவற்றைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன், இரண்டின் விளிம்பையும் சேர்த்துக் குறுக்காகப் பென்சிலால் ஆங்கில 'வி' வடிவில் ஒரு கோடு இடுங்கள். அதன் கூர்முனை எந்தப் பக்கம் என்பது வரிசையைச் சொல்லும்; இரண்டு கோடுகளும் பொருந்துவது சுழற்சியைச் சொல்லும். கண்ணாடிகளுக்கு நடுவே 120 பாகை இடைவெளியில் மூன்று சிறு தகட்டுத் துண்டுகள் இருக்கும். அவை நகத்தின் நுனியை விடச் சிறியவை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்து தரையில் விழுந்துவிடும். மூன்றும் ஒரே தடிமன் உள்ளவை என்பதால் ஒன்றைக்கூட இழக்காதீர்கள். தகடுகள் இல்லாமல் இரண்டும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம்.

காய்ச்சி வடித்த நீரிலும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் நனைத்த பஞ்சை, அதன் சொந்த எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் ஒரு முறை இழுத்துவிட்டு எறிந்துவிடுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. பூஞ்சை போன பிறகும் கண்ணாடியில் அதன் தடம் அரித்து நின்றால், அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது வளையத்தை இறுக்காதீர்கள். என்னுடைய முதல் 75 மி.மீ. லென்ஸை நான் கைக்கு வந்த மட்டும் இறுக்கிவிட்டு, விண்மீன்கள் எல்லாம் முக்கோணமாகத் தெரிவதைக் கண்டு, கண்ணாடியே பழுது என்று இரண்டு மாதம் வருந்தியிருக்கிறேன். வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்திய அன்றிரவு அவை வட்டமாயின. கூட்டை மெல்ல அசைத்தால் உள்ளே 'டிக்' என்று மிக மெல்லிய ஓசை கேட்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

கேள்வி: பெட்டியில் 600 மடங்கு உருப்பெருக்கம் என்று போட்டிருக்கிறது. உண்மையா?

பதில்: இல்லை. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் உச்சவரம்பு, 60 மி.மீ. கருவிக்கு 120. அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக ஒன்றும் தெரியாது.

கேள்வி: ஐபீஸில் (கண்ணருகே வைக்கும் சிறு லென்ஸ்) திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் உடன் வந்தது. 'சூரியன்' என்று எழுதியிருக்கிறது. அதைப் போட்டுச் சூரியனைப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கவே கூடாது. அதை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். பெட்டியில் வைத்திருந்தால் உங்கள் வீட்டுக் குழந்தை ஒருநாள் எடுத்துப் பொருத்தும். முகப்பு லென்ஸ் திரட்டிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்துக்கு அருகில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. சூடேறி அது திடீரென வெடித்துப் பிளக்கும்போது உங்கள் கண் அங்கேதான் இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், சேதத்தை நீங்கள் உடனே உணரவும் மாட்டீர்கள். சூரிய வடிகட்டி குழலின் முகப்பை முழுதாக மூட வேண்டும். இல்லையென்றால் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்து பாருங்கள். இரண்டு முறையிலும் தேடு தொலைநோக்கியை (குழலின் மேல் உள்ள, குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) மூடிவையுங்கள்.

கேள்வி: வெள்ளியைச் சுற்றி ஊதா நிற ஒளி தெரிகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. க்ரௌன் கண்ணாடியையும் ஃப்ளின்ட் கண்ணாடியையும் இணைத்த லென்ஸ் இரண்டு நிறங்களை மட்டுமே ஒரே புள்ளியில் குவிக்கும்; எஞ்சிய ஊதா சற்றுத் தள்ளி விழும். குழல் நீளமாக இருந்தால் இந்தக் குறை அடங்கிவிடும் என்பதால்தான், பழைய கருவிகளின் குவியத் தொலைவு விட்டத்தைப் போல 15 மடங்கு இருக்கிறது. ஜான் டாலண்ட் 1758-இல் இந்த இணைலென்ஸுக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன், ஒற்றை லென்ஸின் நிறக்குறையை அடக்க வானியலாளர் ஹெவேலியஸ் சுமார் 46 மீட்டர் நீளத்தில் தொலைநோக்கி கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: என் 80 மி.மீ. லென்ஸ் 1950-களைச் சேர்ந்தது; மேற்பூச்சு இல்லை. புதிதாக எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இடலாமா?

பதில்: வேண்டாம். தரமான பூச்சை வெற்றிடத்தில், கண்ணாடியைச் சுமார் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி இடுவார்கள். பழைய ஃப்ளின்ட் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மறுப்பு (வேறொரு வாசகர்): நான் பூச்சு இட்டேன்; ஒன்றும் உடையவில்லை, பிம்பமும் பளிச்சென்று இருக்கிறது. பழமை என்பதற்காக ஒளியை இழக்க வேண்டுமா?

பதில்: எவ்வளவு ஒளி என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பூச்சற்ற க்ரௌன் பரப்பு சுமார் 4 விழுக்காடும், ஃப்ளின்ட் பரப்பு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் எதிரொளிக்கின்றன. நான்கு பரப்புகளையும் கடந்து வருவது ஏறக்குறைய 82 விழுக்காடு. எளிய பூச்சு இட்டால் 94. இந்த வேறுபாடு விண்மீனின் ஒளித்தரத்தில் (பிரகாசத்தைக் குறிக்கும் அளவு) 0.15 மட்டுமே. விண்மீன் அடிவானத்திலிருந்து சற்று மேலேறும் வரை காத்திருந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். உங்கள் லென்ஸ் தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பரப்பின் வடிவம் ஒளி அலைநீளத்தின் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டிய பொருளை அந்த ஆதாயத்துக்காக உலையில் வைக்க நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

மீண்டும் அதே வாசகர்: ஒளி மட்டுமா? உள்ளே எதிரொளித்துத் திரியும் ஒளியால் நிலாவைச் சுற்றி வானம் சாம்பலாகத் தெரிகிறதே.

பதில்: இது நியாயமான வாதம், முதலில் நான் இதைச் சொல்லாமல் விட்டது குறைதான். ஆனால் நான் திறந்து பார்த்த குழல்களில் அந்தச் சாம்பல் நிறத்துக்குப் பெரும் காரணம், உட்சுவரின் கறுப்பு உதிர்ந்து உலோகம் பளபளத்ததுதான். ஐபீஸை எடுத்துவிட்டுப் பகலில் குழலுக்குள் பாருங்கள். சுவரில் ஒளிக்கீற்று தெரிந்தால், பளபளப்பில்லாத கறுப்பு மை பூசித் குழலுக்குள் சிதறொளியை மறிக்கும் தடுப்பு வளையங்களைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். ஸ்மகுலா 1935-இல் செய்ஸ் நிறுவனத்தில் இந்தப் பூச்சு முறையை உருவாக்கும் வரை, ஒளிவிலகல் தொலைநோக்கிகளின் பெரும் கண்டுபிடிப்புகள் எல்லாம் பூச்சற்ற லென்ஸ் வழியேதான் நடந்தன. ஃபிரான்ஹோஃபர் செய்த டார்பட் வானாய்வகத் தொலைநோக்கியில் வானியலாளர் ஸ்ட்ரூவ 3000-க்கும் மேற்பட்ட இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1862-இல் லென்ஸ் செய்பவரான ஆல்வன் கிளார்க்கின் மகன் சிரியஸின் மங்கிய துணை விண்மீனைக் கண்டார். 1877-இல் ஆசஃப் ஹால் செவ்வாயின் இரு நிலாக்களைக் கண்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் கவனித்தது இதைவிட வியப்பானது: காலப்போக்கில் நீலம் பாரித்த பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்தின. கறை என்று நினைத்து நீங்கள் தேய்த்து நீக்க விரும்பும் அந்த நீலப் படலமே இயற்கை இட்ட பூச்சாக இருக்கலாம்.

கேள்வி: லென்ஸில் உள்ள மெல்லிய கீறலைப் பற்பசை கொண்டு தேய்த்து நீக்கலாமா?

பதில்: கூடாது. கீறல் போகும், லென்ஸின் வடிவமும் அதோடு போகும்.

கேள்வி: எக்ஸ்ரே படத்தை ஐபீஸில் ஒட்டிச் சூரியனைப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். ஐபீஸ் பக்கம் எதை ஒட்டினாலும் இதே விடைதான்.

கேள்வி: தானியங்கிச் சுழற்சிக்கான மோட்டாரின் மின்சுற்று எரிந்துவிட்டது.

பதில்: மின்னணுவியல் நான் அறிந்த துறை அன்று, அதில் பழகியவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய ஐபீஸ்கள் ஒல்லியாக இருக்கின்றன. இன்றைய ஐபீஸ் பொருந்துமா?

பதில்: பழையவை 24.5 மி.மீ., இன்றையவை 31.7 மி.மீ. இரண்டையும் இணைக்கும் வளையம் கிடைக்கிறது. பழைய கருவிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே.

கேள்வி: 60 மி.மீ. கருவியில் நிலாவையும் சனியையும் பார்த்துவிட்டேன். வேறென்ன பார்க்கலாம்?

பதில்: இரட்டை விண்மீன்களைப் பாருங்கள், நீள்குழல் தொலைநோக்கியின் சிறப்பு அங்கேதான் வெளிப்படுகிறது. 116-ஐ விட்டத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால், பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி வில்நொடியில் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கிடைக்கும், உங்களுக்கு 1.9. பொன்னிறமும் நீலமுமான ஆல்பிரியோவில் தொடங்குங்கள். அதன் இடைவெளி சுமார் 34 வில்நொடி. அடுத்து, புனர்பூச இணையில் ஒன்றான காஸ்டர், ஏறக்குறைய 5. காற்று அசையாத இரவில் 100 மடங்குக்கு மேல் வைத்தால், வட்டத் தட்டுகளாக இரண்டு வெண்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி முடி போல மெல்லிய ஒரு வளையம், நடுவில் கருமையான இடைவெளி என்று தெரியும். அதைக் கண்டபின் அபிஜித்துக்கு அருகிலுள்ள எப்சிலான் லைரேயை முயலுங்கள். அது இரண்டு இணைகள் சேர்ந்தது; ஒவ்வோர் இணையின் இடைவெளியும் 2.5 வில்நொடிக்கும் குறைவு. முதல் இரவில் பிரியாவிட்டால் விட்டுவிடாதீர்கள். குழலை ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டபின் பாருங்கள்.

கேள்வி: என்ன விலைக்கு விற்கலாம்?

பதில்: விலை சொல்வதில்லை.

கேள்வி: ஐயா, கோடு இடாமல் பிரித்துவிட்டேன். எது முன், எது பின் என்று தெரியவில்லை.

பதில்: கவலை வேண்டாம், சரிசெய்துவிடலாம். இருபுறமும் குவிந்தது க்ரௌன். ஒருபுறம் குழிந்து மறுபுறம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பது ஃப்ளின்ட். பெரும்பாலான கருவிகளில் க்ரௌன் முன்னால் இருக்கும். ஃப்ளின்ட்டின் குழிந்த பக்கம் அதை நோக்கியிருக்கும். க்ரௌனின் எந்தப் பக்கம் வெளியே என்பதை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். தவறான பக்கத்தில் எந்த விண்மீனும் கூர்மையாகக் குவியாது. பிறகு உச்சிக்கு அருகில் உள்ள பிரகாசமான விண்மீன் ஒன்றைக் குவியத்துக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் வைத்து, தெரியும் வளையங்களை ஒப்பிடுங்கள். ஃப்ளின்ட்டை மட்டும் 30 பாகை திருப்பி மீண்டும் பாருங்கள். இப்படி ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு சோதனைகள், ஓரிரு இரவுகளின் வேலை. இரு பக்கமும் வளையங்கள் வட்டமாகவும் ஒன்றுபோலவும் அமையும் நிலையில் நிறுத்தி, உடனே விளிம்பில் பென்சில் கோட்டை இட்டுவிடுங்கள்.