ரயில் சக்கரத்து எஃகு: கேள்வி பதில்

கேள்வி: ஓட ஓடச் சக்கரம் இறுகுமா, இளகுமா?

பதில்: மேல்தோல் இறுகும். தண்டவாளத்தைத் தொடும் இடம் சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர்தான். அதன்மேல் பல டன் எடை. இரும்பும் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த பியர்லைட் நசுங்கி, ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். மேலும் வளைய முடியாத நிலை வந்ததும் அங்கேதான் மயிரிழை விரிசல் விடும்.

கேள்வி: பிரேக்கில் பூட்டி வழுக்கிய சக்கரம் தட்டையாகி டக் டக் என்கிறது. கடைந்தால் சரியாகிவிடும்தானே சார்?

பதில்: எவ்வளவு ஆழம் கடைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழுக்கிய இடம் நொடிகளில் 720 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சக்கரம் மறுபடி உருண்டதும், குளிர்ந்து கிடக்கும் மீதி எஃகு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் முக்கிக் குளிரவைத்ததற்குச் சமம். கிடைப்பது மார்ட்டென்சைட்: மிகக் கடினம், ஆனால் நொறுங்கும். ஒரு துண்டு வெட்டி, மெருகேற்றி, நைட்டாலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை) தோய்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். சுற்றுப்புறம் கருத்திருக்க, அந்த அடுக்கு மட்டும் வெள்ளையாக நிற்கும். அதன் கீழே விரிசல்களும் இருக்கும். தட்டை மறைந்ததும் லேத்தை நிறுத்தினால், கொஞ்ச நாளில் அதே இடம் செதில் செதிலாகப் பெயரும்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை அழுத்திக்கொண்டே வந்தால்?

பதில்: தேய்மானத்தைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தொழிற்சாலையில் சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பதே, அதில் அமுக்க விசையைத் தங்கவைக்கத்தான். விரிசல் வந்தாலும் அது வாய் திறக்காது. கட்டையின் சூட்டில் ரிம் விரியப் பார்க்கும். குளிர்ந்த நடுத்தட்டு விடாது. ரிம் நசுங்கிக் கொடுத்துவிடும். ஆறியபின் அமுக்க விசை போய் இழுவிசை வந்திருக்கும். இனி ஒரு சின்ன விரிசலும் ரிம்மைப் பிளக்கலாம். இதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: பழைய சக்கரம் வேகமாகத் தேய்வது ஏன்?

பதில்: குளிர்வித்த கடினம் மேலே அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. பலமுறை கடைந்தபின் ஓடுவது உள்ளே இருந்த மென்மையான எஃகின்மேல்.

கேள்வி: எஷெடே விபத்தும் இப்படித்தானா?

பதில்: இல்லை. 1998 ஜூன் 3-இல் ஜெர்மனியில் 101 பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில் உடைந்தது, ரப்பர் வளையத்தின்மேல் மாட்டிய தனி எஃகு டயர். புதிதில் 920 மி.மீ. விட்டம், உடைந்தபோது 862. மெலிந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளையும்; களைப்பு விரிசல் உட்புறத்தில் தொடங்கியது.

கேள்வி: பேசாமல் கார்பனைக் கூட்டிவிட்டால் என்ன?

பதில்: கூட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஈஆர்7 எஃகில் கார்பன் 0.52 சதவீதத்துக்கு மேல் போகாது. வட அமெரிக்கச் சரக்கு வண்டிகளின் கிளாஸ் சி எஃகில் 0.67 முதல் 0.77. தேய்மானம் குறையும், வழுக்கினால் வரும் மார்ட்டென்சைட் இன்னும் நொறுங்கும். இன்னொன்று: கொஞ்சம் தேய்வது நல்லதும்கூட, பிறக்கும் விரிசலை அதுவே அரித்து எடுத்துவிடும். தேயாத சக்கரத்தில் அந்த விரிசல் உள்ளே இறங்கும்.