முயல் வளர்த்த இடமெல்லாம் தொல்லியல் சின்னமா?

"இங்கிலாந்தில் இடைக்காலத்தில் முயல் வளர்த்த இடங்களையும், அங்கிருக்கும் வெறும் மண்மேடுகளையும்கூடத் தொல்லியல் சின்னம் என்று பாதுகாக்கிறார்களாமே, இது வெட்டிச் செலவு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். லண்டனைச் சுற்றி முடித்திருப்பீர்கள். யாரோ ஒருவர் ஆசையாக ஒரு காட்டுக்குள் கூட்டிப்போய் ஓர் இடிந்த வீட்டைக் காட்டியிருப்பார். எப்படித் தெரியும் என்றால், போன கோடையில் ஊரிலிருந்து வந்த என் அத்தான் இதையேதான் கேட்டார்.

நார்ஃபோக்கில் தெட்ஃபோர்டுக்கு மேற்கே இரண்டு மைலில் வாரன் லாட்ஜ் என்ற காவல் வீடு இருக்கிறது. வாரன் என்றால் முயல் வளர்த்த இடம். 1400 வாக்கில், அநேகமாக அந்த ஊர் மடத்தின் தலைவர் கட்டியது. நான் இரவுப் பணி முடிந்து தூக்கம் வராத நாட்களில் நடக்கப் போகிற இடம். அத்தான் காரைவிட்டு இறங்கவே இல்லை. "இதுக்குத்தானா மாப்ளே இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தே?" என்றார். எட்டாவது படிக்கிற அக்கா மகள்தான் இறங்கி வந்தாள். சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர், ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமன். கண்ணாடி போல மின்னும் கறுப்புக் கல்லைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "மாமா, முயலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சுவர்?"

சுவர் முயலுக்கு இல்லை, மனிதர்களுக்குப் பயந்து கட்டியது. வெளியிலிருந்து நுழைய ஒரே வாசல். அதற்கு மேலே, உள்ளே புகுகிறவன் தலையில் எதையாவது போட ஒரு துளை. கீழ்த்தள ஜன்னல்கள் வெறும் கீற்றுகள். கீழே சாமான், மேலே குடியிருப்பு. முதலில் வேட்டைக்காவலர்களுக்கும் வேட்டைக்கு வந்தவர்களுக்கும் பாதுகாப்பாகக் கட்டியது, முயல் பிடிப்பவர்கள் பிறகுதான் குடிவந்தார்கள் என்று திருத்த வருவீர்கள். சரி, இருக்கட்டும். யாருக்கு எதிராகக் கட்டினார்கள்? ஆயுதத்தோடு திருட்டு வேட்டைக்கு வந்தவர்களுக்கு எதிராகத்தானே?

அப்போது முயல் மலிவான கறி இல்லை. பிரான்ஸிலிருந்து படையெடுத்த நார்மன்கள் வந்தபின் 12ஆம் நூற்றாண்டில்தான் இங்கே வளர்க்கத் தொடங்கினார்கள். (ரோமர் காலத்து முயல் எலும்பு தென் இங்கிலாந்தின் ஃபிஷ்போர்னில் கிடைத்ததை நானும் படித்தேன். அது ஒரே ஒரு எலும்புத் துண்டு, நான் பேசுவது பண்ணைகளைப் பற்றி.) ஸ்பெயின் பக்கத்து வெயிலுக்குப் பழகிய பிராணி, இந்தக் குளிரும் ஈரமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு முயலின் விலை கோழியைப்போல் நாலைந்து மடங்கு. மன்னர் அனுமதி தந்த பிரபுவும் மடமும்தான் பிடிக்கலாம். தன் பயிரைத் தின்ற முயலை ஏழை தொட்டால் குற்றம்.

1381 விவசாயிகள் கிளர்ச்சியில் லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வயலில் உயிரோடு பிடித்த ஒரு முயலை ஊர் நடுவே, குற்றவாளிகளை மாட்டிவைக்கும் மரச்சட்டத்தில் கட்டினார்கள். வேட்டையாடும் உரிமை அந்த ஊர் மடத்திடமிருந்து எங்களுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இதைப் படித்த பிறகு அந்த லாட்ஜின் வாசலைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

மண்மேடுகளையும் கேலி செய்திருக்கிறீர்கள். முயல் சுலபமாக வளை தோண்டட்டும் என்று மண்ணைக் குவித்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி நீளமாகக் கட்டியவை அவை. தலையணை மேடு என்றே பெயர். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பக்கம் நிறைய. முன்னே ஆய்வாளர்கள் சிலவற்றைப் பழங்காலச் சமாதி என்று நினைத்துத் தோண்டி ஏமாந்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை இடைக்காலத்துக்குப் பிந்தியவை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தெட்ஃபோர்டு பக்கம் மணல் பூமி, மேடு கட்டவே வேண்டாம், முயல் தானாகத் தோண்டும். அங்கே எல்லைக்கரைதான் முக்கியம். மண்ணையும் புல்கட்டியையும் அடுக்கி, மேலே முள்செடி வைத்த கரைகள் பைன் மரங்களுக்கு நடுவே இன்னமும் ஓடுகின்றன. அப்படி ஒரு கரையில் அன்று காலைதான் தோண்டிய புது வளை இருந்தது. வாயிலில் சலித்த மாவு மாதிரி மணல், அதன்மேல் நாலைந்து புழுக்கை. அக்கா மகள் குனிந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அன்று எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டே வாரத்தில் அதில் ஒன்று யாரோ ஒருவர் காணொளியில் "லண்டன் பேய் பங்களா" என்று ஓடுகிறது. என் பெயர் வேண்டாம், இடத்தின் பெயரையாவது சரியாகப் போடக்கூடாதா? எழுதிக் கேட்டேன், என்னைத் தடை செய்துவிட்டார்கள். 1935இல் தீப்பிடிக்கும்வரை மனிதர்கள் குடியிருந்த வீடு அது. ஒரு பேயும் இல்லை.

போவதானால் பி1107 சாலையில் போங்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் நல்லது, நனைந்த கல்லில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரியும். வாசலுக்கு நேர் கீழே நின்று மேலே பாருங்கள்.