பணம் செலவில்லாமல் புதிய டூம் மெட்டல் குழுக்களைத் தேட

வணக்கம். பாட்டுக் கேட்கும் செயலி திரும்பத் திரும்ப அதே பெரிய இசைக்குழுக்களையே காட்டுகிறது, டூம் மெட்டலில் (மெதுவாக, கனமாக ஒலிக்கும் மெட்டல் இசை வகை) அதிகம் தெரியாதவர்களைச் செலவில்லாமல் கேட்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு.

இசைக்குழுக்கள் தங்கள் பாடல்களை நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் தொடங்குங்கள். டூம் மெட்டல் என்ற குறிச்சொல்லில் புதிதாக வந்தவற்றைப் பாருங்கள். ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் அதே பக்கத்தில் இருக்கும். ஒன்றைத் தட்டினால் அவர் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு திறக்கும். எனக்குப் பிடித்த குழுக்களில் பாதி இப்படி முன்பின் தெரியாத ஒருவரின் தொகுப்பிலிருந்து கிடைத்தவைதான். விலையை நீங்களே போடலாம் என்று இருந்து, குறைந்தபட்சத் தொகை எதுவும் குறிப்பிடவில்லை என்றால், பூஜ்யம் போட்டே ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சில குழுக்கள் மின்னஞ்சல் முகவரி மட்டும் கேட்கும்.

அப்புறம், மெட்டல் குழுக்களின் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும், 2002 முதல் இயங்கும் மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளம். அங்கே பாட்டை இறக்க முடியாது, ஆனால் குழுவின் பக்கத்தில் அதைப் போலவே இசைக்கும் மற்ற குழுக்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு பேண்ட்கேம்ப்பில் தேடுங்கள்.

இப்போது எந்தக் குழுவை அதிகம் கேட்கிறீர்கள்? சொன்னால் அதையொட்டி நாலு பெயர் தருகிறேன்.