அம்மாவை வெளியே உட்காரச் சொல்லுங்கள், சிஸ்டர்

கேள்வி: குடியாத்தம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளரிளம் பருவம் பற்றி வகுப்பெடுக்கிறேன். பேசி முடித்து "சந்தேகம் இருக்கா?" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. துணை சுகாதார நிலையத்துக்கு வருகிற பிள்ளைகளும் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எப்படிப் பேச வைப்பது?

பதில்: ஐம்பது பேர் நடுவில் அப்படிக் கேட்டால் பெரியவர்களே கை தூக்க மாட்டார்கள், சிஸ்டர். என் முதல் வகுப்பிலும் இதுதான் நடந்தது. பின்வரிசையில் ஒரு சிரிப்பு, வாசலில் ஹெட்மாஸ்டரின் இருமல், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஷூ டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். (ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் அதற்கா பஞ்சம்?) மூடியில் ஒரு கீறல். எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுச்சீட்டு. கேள்வி இல்லாதவர்கள் பிடித்த சாப்பாட்டின் பெயரையாவது எழுதிப் போடவேண்டும். இல்லையென்றால் பேனா எடுத்தவன் மாட்டிக்கொள்வான். பிரியாணி, பிரியாணி, பரோட்டா என்று பிரித்துக்கொண்டே வந்தால் நடுவில் ஒன்று: "தூக்கத்துல வெளியேறுது, உடம்பு இளைச்சிடுமா?" இன்னொன்று: "எனக்கு மட்டும் மார்ல கட்டி."

முதல் பையனுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: இளைக்காது. விந்து ஓயாமல் சுரப்பது, சில நாள் தூக்கத்தில் வெளியேறும். ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்ற கதையை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

இரண்டாவது பையனை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மார்ச் மாத வேலூர் வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டு வருவான். பருவ மாற்றத்தின்போது பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காம்புக்கு அடியில் இப்படிக் கட்டி வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அதுவாகவே அமுங்கிவிடும். இதை அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. பெண் வயதுக்கு வந்தால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர்தான் இது. பையனுக்குக் குரல் உடைந்தால் கிண்டல் மட்டும்தான்.

பெண் பிள்ளைகளைப் பாட்டிதான் கூட்டிவருவார்: "மாசாமாசம் சரியா வரலம்மா." முதல் இரண்டு மூன்று வருடம் 21 முதல் 45 நாள் வரை முன்னே பின்னே வருவது வழக்கம்தான். ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டிப் போனாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ டாக்டரிடம் அனுப்புங்கள். 15 வயதாகியும் பெரிய மனுஷி ஆகாத பெண்ணையும், 14 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாத பையனையும் அப்படியே.

இனி அம்மா விஷயம். முதலில் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிறகு, "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் அஞ்சு நிமிஷம் தனியா பேசறது எங்க வழக்கம்மா." அந்த 'எல்லார்கிட்டயும்'தான் முக்கியம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகும். எடுத்த எடுப்பில் காதலைக் கேட்காதீர்கள். வீடு, பள்ளிக்கூடம், சாப்பாடு, கூட்டாளிகள், அப்புறம் ஹான்ஸ் புகையிலை, பீடி, அதற்கப்புறம் காதல், கடைசியாக மனக்கஷ்டம், சாக நினைத்ததுண்டா என்று போங்கள். தலைவலி என்று வந்த பெண் எழுந்து திரைச்சீலையில் கை வைக்கும்போதுதான் நிஜக் கேள்வியைக் கேட்பாள். அவசரப்படுத்தாதீர்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் சொல்வது இது: "நீ சொல்றது நமக்குள்ளயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்கிட்ட தப்பா நடந்தாலோ மட்டும் நான் சொல்லியாகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதத்தோடு நடந்த உறவும் குற்றம்தான், தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது நமக்கும் குற்றம். இந்தக் கட்டாயத்தால் பயந்து சிகிச்சைக்கே வராமல் போகிற பெண்கள் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை டாக்டர் புகாரில் சொல்லத் தேவையில்லை என்றது. அப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே மெடிக்கல் ஆபீசரிடம் போய்விடுங்கள். பிள்ளை கையில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கொடுங்கள்.

10 முதல் 19 வயதுக்காரர்களுக்குத் தனி கிளினிக், ஆலோசகர் எல்லாம் 2014-ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டத்திலேயே உண்டு. உங்கள் வட்டாரத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைத் தடுப்பூசிக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது. வேறொரு நாள், நீல இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப்போக வாங்கம்மா என்று அம்மா, பிள்ளை இருவரையும் கூப்பிடுங்கள். ஊர் கண்ணுக்கு அவர்கள் மாத்திரை வாங்கப் போனவர்கள்.