விண்கல விபத்துகள்: கேள்வி-பதில்

விண்வெளியில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றே பேர். பயணத்தின்போது உயிரிழந்தவர்கள் கிட்டத்தட்ட இருபது பேர் ஆயிற்றே என்பீர்கள். சரிதான். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் ஏறும்போதோ இறங்கும்போதோ, விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளும் 100 கிலோமீட்டர் கோட்டுக்குக் கீழே இறந்தவர்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உயிர் போனது சோவியத் விண்கலமான சோயுஸ் 11-இல் மட்டும்.

1971 ஜூன் 30. டொப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் சல்யூட் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரம் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். கலத்தின் பகுதிகளைப் பிரிக்கும் சிறு வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதற்குப் பதில் ஒரே நேரத்தில் வெடித்தன. தரையை நெருங்கும்போது திறக்க வேண்டிய காற்று வால்வு, அந்த அதிர்வில் 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. கையால் திருகி மூடலாம், ஆனால் ஒரு நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் யாருக்கும் நினைவு தங்காது. அழுத்த உடையும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டால் மூன்று பேர் உட்கார இடம் போதாது.

பாராசூட் ஒழுங்காக விரிந்து, கலம் கஜகஸ்தானில் பத்திரமாக இறங்கியது. மீட்புக் குழுவினர் பக்கச் சுவரைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து பதில் இல்லை. திறந்தால், மூவரும் அவரவர் இருக்கையில். அப்புறம் பல ஆண்டுகள் சோயுஸில் இரண்டு பேர்தான் போனார்கள், அழுத்த உடையோடு.

வெற்றிடத்தில் உடல் வெடித்துவிடுமா?

சினிமாவில்தான். பத்துப் பதினைந்து வினாடியில் மயக்கம் வரும், தோல் கிழியாது.

அமெரிக்க விண்வெளி ஓடமான சாலஞ்சரில் இருந்தவர்கள் அந்த நொடியே இறந்துவிட்டார்களா?

அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1986 ஜனவரி 28, புளோரிடாவில் ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கிய காலை. பக்க ராக்கெட்டின் இணைப்பில் குளிரில் விறைத்த ரப்பர் வளையம் சூடான வாயுவைக் கசியவிட, 73-வது வினாடியில் கலம் சிதறியது. ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முதல் நாள் இரவே போனில் மன்றாடியிருந்தார்கள். விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மேன் அந்த ரப்பரைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். கவ்வியைக் கழற்றியும் அது நிமிரவில்லை.

ஏழு பேர் இருந்த அறை தனியே பிய்ந்துவந்து, 2 நிமிடம் 45 வினாடி கழித்துத்தான் கடலில் மோதியது. கிடைத்த நான்கு அவசரக் காற்றுக் கருவிகளில் மூன்று இயக்கப்பட்டிருந்தன. அவை தாமாக இயங்குபவை அல்ல. அதனால் ‘யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது’ என்ற ஆறுதலை நான் நம்புவதில்லை.

கல்பனா சாவ்லா போன கொலம்பியாவை வெறும் நுரைத்துண்டா உடைத்தது?

தெர்மாகோல் மாதிரி லேசான நுரைதான், முக்கால் கிலோ இருக்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து காகிதத்தை விட்டால் சட்டென்று பின்தங்கும் இல்லையா? அதேபோல, ஏறும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரையைக் காற்று தடுத்து நிறுத்த, இடது சிறகு மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அதன்மேல் மோதி ஓட்டையானது. பதினாறு நாள் கழித்து, 2003 பிப்ரவரி 1 அன்று, அந்த ஓட்டை வழியே அனல் புகுந்து, இறங்க 16 நிமிடம் இருக்கும்போது கலம் சிதறியது.

நுரையால் இவ்வளவு முடியுமா என்று நாசாவிலேயே பலர் சந்தேகப்பட்டார்கள். அந்த ஜூலையில் ஒரு துண்டை வாயுத் துப்பாக்கியில் வைத்து உண்மையான சிறகு விளிம்பின்மேல் சுட்டார்கள். ஒரு தலையணையே நுழையும் அளவுக்கு ஓட்டை!